கட்டுப்பல்லின் நிறம்

1937 பிப்ரவரி 22 தேதியிட்ட ‘டைம்’ இதழின் அட்டையில் ஹைதராபாத்தின் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் படம் வந்தது. உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று அன்று அவருக்குப் பெயர். லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் 1975இல் எழுதிய ‘நள்ளிரவில் சுதந்திரம்’ நூல், வெற்றிலை போட்டுப் போட்டுச் செங்காவி ஏறிச் சிதைந்த அவருடைய பற்களை அருவருப்பு மறையாமல் வர்ணிக்கிறது. பீங்கான் பல் அப்போது புதுச் சரக்கல்ல. லண்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் அதை ஆலையில் செய்து விற்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இன்றைய பல்செட்டுகளுக்கு அடிப்படையான அக்ரிலிக் பிசின் பல் மருத்துவத்துக்குள் நுழைந்ததும் அதே 1937இல்தான். இத்தனை செல்வம் உள்ளவர் ஏன் நல்ல பல் கட்டிக்கொள்ளவில்லை? கஞ்சர், அதனால்தான் என்பது வழக்கமான விடை. அவருடைய சிக்கனம் ஊரறிந்தது என்பதால் அந்த விடையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது ஒன்றை மறைத்துவிடுகிறது. காவிப் பல்லோடு ஒரு மன்னர் முப்பத்தேழு வருடம் தர்பாரில் உட்கார்ந்திருந்தார் என்றால், அந்தப் பல் அந்த ஊரின் கண்ணை உறுத்தவில்லை என்று பொருள். வெள்ளைக்கார எழுத்தாளர்களின் கண்ணைத்தான் உறுத்தியது. பல்செட்டு கட்டிக்கொள்ளப் போகும் முதியவர் “எனக்கு இப்படித் தெரிய வேண்டும்” என்று கேட்டால், அதைச் சினிமா மோகம் என்றும் வயதான காலத்து வீண் ஆசை என்றும் ஒதுக்குவது நம் வழக்கம். ஹைதராபாத்தின் பல் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பல்லின் தோற்றத்தைத் தேர்ந்துகொள்வது அங்கே பல்செட்டுக்கு வெகுகாலம் முந்தைய பழக்கம். பல்செட்டு வந்ததும் அந்தத் தேர்வு சுருங்கிப்போயிற்று.

மிஸ்ஸியிலிருந்து தொடங்கலாம். கடுக்காய், மாசிக்காய் போன்ற துவர்ப்புப் பொருள்களோடு இரும்புத் தூளும் துத்தமும் சேர்த்து அரைத்த கருப்புப் பொடி அது. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும்; பழைய எழுதுமையைக் காய்ச்சிய வேதியியலும் இதுதான். லக்னோவிலும் தில்லியிலும் தக்காணத்திலும் முஸ்லிம் பெண்கள் இந்தப் பொடியைப் பல் இடுக்கிலும் ஈறிலும் தேய்த்தார்கள். அதன்மேல் வெற்றிலையின் சிவப்பு உதட்டில் ஏற, கருப்பும் சிவப்பும் சேர்ந்த வாயே அலங்கரித்த வாய். தக்காணத்தைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீஃப் எழுதி, சென்னை மாகாணப் பணியிலிருந்த மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் 1832இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘கானூன்-எ-இஸ்லாம்’ தக்காண முஸ்லிம்களின் சடங்குகளையெல்லாம் பதிவுசெய்த நூல். அதில் மிஸ்ஸிக்கும் இடம் உண்டு. மிஸ்ஸி சுமங்கலியின் அடையாளம். கணவனை இழந்தவள் அதைத் தொடுவதில்லை. தவாயிஃப் எனப்பட்ட கணிகையர் மரபில் அதற்கென்றே தனிச் சடங்கு இருந்தது. ஒரு பெண் அந்தத் தொழிலுக்குள் அடியெடுத்து வைக்கும் நாளின் பெயரே மிஸ்ஸி. மஞ்சளும் குங்குமமும் நம் பக்கத்தில் சொல்வதை அங்கே பல் சொன்னது. அந்த வாயைப் பார்த்த பிரிட்டிஷ்காரர்களில் பலர் அழுக்கு என்றுதான் எழுதினார்கள். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தும் கிறுக்கல்தானே.

அது அலங்காரம் அல்ல, மருந்து என்று ஒரு மறுப்பு வரலாம். துவர்ப்பு ஈறை இறுக்கும், இரும்பு உப்பு கிருமியைத் தடுக்கும், ஆகவே மிஸ்ஸி அந்தக் காலத்துப் பற்பொடி. அழகு பின்னால் ஒட்டிக்கொண்ட பேச்சு என்பார்கள். பற்பொடியாகவும் அது பயன்பட்டது உண்மைதான், யூனானி மருத்துவர்கள் ஈறு நோய்க்கு இதே சரக்குகளைத்தான் கொடுத்தார்கள். ஆனால் மருந்து என்றால் விதவைக்கு ஏன் மறுக்க வேண்டும்? ஆண்கள் ஏன் கருப்பாக்கிக்கொள்ளவில்லை? நோய்க்கு முன்னால் ஆணும் பெண்ணும், கணவன் இருப்பவளும் இல்லாதவளும் ஒன்று. சடங்குக்கு முன்னால்தான் இந்தப் பாகுபாடெல்லாம். மிஸ்ஸியை யார் போடலாம், யார் போடக் கூடாது என்ற வரையறைதான் அதைத் தோற்றத்தின் பக்கம் சேர்க்கிறது.

தமிழ் வாசகர் இதைத் தூரத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சங்கப் பாடல்கள் பெண்ணின் பல்லை ‘வாலெயிறு’ என்றும் ‘முள்ளெயிறு’ என்றும் அழைக்கின்றன. முதல் சொல் வெண்மையைப் பாராட்டுகிறது. இரண்டாவது கூர்மையைப் பாராட்டுகிறது. இன்று பல் கூராக இருந்தால் கம்பி போட்டுச் சரிசெய்யச் சொல்வோம். ஆனைமலைக் காடர்கள் முன்பற்களை உளியால் சீவிக் கூராக்கிக்கொள்வதை எட்கர் தர்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுசெய்தார். கருப்பு, சிவப்பு, கூர்மை, வெண்மை என்று பல்லழகுக்குத் தென்னிந்தியாவில் பல கட்சிகள் இருந்தன; வெண்மை அவற்றில் ஒன்று. பெரிய கட்சிதான், ஆனாலும் ஒரே கட்சி அல்ல.

இங்கே ஜப்பானை நினைத்துக்கொள்வது பொருத்தம். அங்கும் மணமான பெண்கள் ஒஹாகுரோ என்ற கருஞ்சாயத்தைப் பல்லில் பூசினார்கள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த அதே கலவை. ஜப்பானியர் மரத்தில் பல்செட்டு குடையும் கலையைத் தாங்களே வளர்த்துக்கொண்டவர்கள். 1538இல் இறந்த ஒரு பௌத்தத் துறவினியின் மரப் பல்செட்டு வகாயாமாவில் இருக்கிறது. எடோ காலத்துத் தச்சர்கள் மணமான பெண்ணுக்குப் பல் செய்தால் கருப்புப் பல்தான் பதித்தார்கள். விழுந்த பல்லின் இடத்தில் வைப்பது இருந்த பல் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அரசு 1870இல் பிரபுக் குடும்பங்களுக்கு அந்தக் கருமையைத் தடைசெய்தது. 1873இல் பேரரசி வெள்ளைப் பல்லோடு வெளியில் வந்தார். தன் மண்ணில் வளர்ந்த பல்செட்டு தன் மண்ணின் ரசனைக்குப் பணிந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டாம். ஹைதராபாத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அங்கே முழுப் பல்செட்டு கடல் கடந்து வந்த சரக்கு. வரும்போதே தன் நிறத்தையும் கொண்டுவந்தது.

பல் கட்டும் கைவேலை மட்டும் இந்தியாவுக்குப் புதிதல்ல. சொல்லைப் பாருங்கள்: தமிழில் கட்டுப்பல், தெலுங்கில் கட்டுடு பள்ளு. இரண்டும் ‘கட்டு’ என்ற ஒரே வேரில் நிற்கின்றன. ஆடும் பல்லையும் விழுந்த பல்லையும் பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டி நிறுத்திய காலம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘பொய்ப்பல்’ என்ற சொல்லில் இருக்கும் இளக்காரம் இதில் இல்லை. கன்னோசி மன்னர் ஜெயச்சந்திரன் 1194இல் சந்தாவர் போரில் மடிந்தபோது, பல்லைக் கட்டியிருந்த தங்கக் கம்பியை வைத்துத்தான் அவர் உடலை அடையாளம் கண்டார்கள் என்று அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதியிருக்கிறார். தங்கம் என்றதும் ஹைதராபாத் போன்ற நகரத்தில் இன்னொரு கேள்வி எழும்: இஸ்லாமிய ஆணுக்குத் தங்கம் விலக்காயிற்றே? ஹனஃபி சட்ட நூலான ‘ஹிதாயா’ இதை எடுத்து விவாதிக்கிறது. வெள்ளிக் கம்பி போதும்போது தங்கம் எதற்கு என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. அவர் மாணவர் இமாம் முஹம்மது தங்கத்தையும் அனுமதித்தார். போரில் மூக்கை இழந்த ஒரு தோழர் வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டு, அது நாற்றமெடுக்கவே, தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் நாயகம் அனுமதித்தார் என்ற செய்தி அவருக்கு ஆதாரம். முகத்தில் எதை வைத்துக்கொள்ளலாம் என்பது மதச்சட்டமே உட்கார்ந்து பேசத் தக்க விஷயமாக இருந்திருக்கிறது.

இனி பெரிய மறுப்பு. பல் மெல்லுவதற்கு, தோற்றம் அதற்குப் பிறகு என்பது. மருத்துவர்களும் சொல்வார்கள், மருமகள்களும் சொல்வார்கள். இதற்குச் சமையலறையிலிருந்து பதில் சொல்லலாம். பல்செட்டு வருவதற்கு முன்னால் பல் போனவர்கள் பட்டினி கிடக்கவில்லை. குழைந்த சோறு, கிச்சடி, கூழ் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏற்பாடு இருந்தது. ஹைதராபாத்தின் பெருமைக்குரிய ஹலீமை எடுத்துக்கொள்ளுங்கள்: கோதுமையும் இறைச்சியும் மணிக்கணக்கில் வெந்து, கட்டையால் குத்திக் குத்தி மசிந்து, மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் தட்டில் விழுகிறது. பல் இல்லாதவர்களுக்காக அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லவரவில்லை. பல் இல்லாதவரும் உட்கார முடிகிற பந்தி அது. வெற்றிலைக்கும் வழி இருந்தது, கைக்கு அடக்கமான சின்ன உரலில் பாக்கோடு சேர்த்து இடித்து வாயில் போட்டுக்கொள்வது. மெல்லும் வேலையின் பெரும்பகுதியைச் சட்டியும் உரலும் ஏற்றுக்கொண்டன. அவற்றால் செய்ய முடியாதவை இரண்டு. ஒன்று, உள்ளே விழுந்துவிட்ட கன்னத்தை நிமிர்த்துவது. மற்றது, பேச்சு. பல் போனால் ‘ஃப’வும் ‘ஸ’வும் காற்றாகப் போய்விடும். உருதுவின் உச்சரிப்புச் சுத்தத்தை மரியாதையின் அளவுகோலாக வைத்திருந்த நகரத்தில், முஷாயிராவில் எழுந்து கவிதை சொல்ல வேண்டியவருக்கு இது சின்ன இழப்பா?

ஐரோப்பாவின் கதையும் இதையே சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நீர்யானைத் தந்தத்திலும் மனிதப் பற்களிலும் செய்த பல்செட்டுகளோடு சாப்பிடுவது பெரும்பாடு. பலர் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைத்தார்கள். அமெரிக்கப் புரட்சியின் நாயகர்களில் ஒருவரான பால் ரெவீர் பாஸ்டனில் பல் கட்டும் தொழிலும் செய்தவர். 1768இல் அவர் கொடுத்த விளம்பரம் தோற்றத்தையும் பேச்சையும்தான் வாக்களித்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது சொந்தப் பல் ஒன்றுதான் மிச்சம். அவருக்கு மரப் பல் இருந்தது என்பது கட்டுக்கதை. தந்தம், ஈயம், மனிதப் பல் ஆகியவற்றால் செய்த பல்செட்டுகளையே வைத்திருந்தார். 1784இல் அவர் வீட்டுக் கணக்கில் கறுப்பின அடிமைகளிடம் ஒன்பது பற்கள் வாங்கியதற்குப் பணம் கொடுத்த குறிப்பு இருக்கிறது. வாட்டர்லூ போர்க்களத்தில் 1815இல் செத்துக் கிடந்த இளைஞர்களின் பற்களைப் பிடுங்கி விற்றதால், அந்த வகைச் சரக்குக்கு ‘வாட்டர்லூ பல்’ என்றே பெயர் விழுந்தது. வெள்ளையாக இருக்க வேண்டும், உண்மைப் பல்லாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எந்த எல்லைக்கும் போயிருக்கிறது. மெல்லுவதற்காக யாரும் இந்தப் பாவத்தைச் சுமந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தந்தப் பல்செட்டுகள் பிரபுக்களின் சரக்கு. சாதாரண மனிதனின் வாய்க்குப் பல்செட்டு எட்டியது 19ஆம் நூற்றாண்டின் மூன்று மாற்றங்களால். முதலாவது பீங்கான் பல். பாரிஸில் துபுவா த ஷெமான் 1780களின் இறுதியில் அதற்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் பொற்கொல்லர் குலத்து கிளாடியஸ் ஆஷும் பிலடெல்ஃபியாவின் எஸ்.எஸ். ஒயிட்டும் அடுத்த நூற்றாண்டின் நடுவில் அதை ஆலைத் தொழிலாக்கினார்கள். இரண்டாவது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து நீராவியில் வேகவைத்த ரப்பர். தங்கத் தகட்டுக்குப் பதில் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மலிவான தகடு. மூன்றாவது மயக்க மருந்து. முழுப் பல்செட்டு வேண்டுமானால் மிச்சமிருக்கும் பற்களையெல்லாம் பிடுங்கியாக வேண்டும்; வலியில்லாமல் பிடுங்க வழி பிறந்த பிறகுதான் ஆட்கள் அதற்குத் துணிந்தார்கள். இந்த மூன்றாவது அத்தியாயத்தில் ஹைதராபாத்துக்கு உலகப் புகழ் உண்டு. குளோரோஃபார்ம் கொடுத்த நோயாளி இறந்தால் முதலில் நின்றது இதயமா, மூச்சா என்ற சர்ச்சை அப்போது உலகெங்கும் நடந்தது. பல் மருத்துவர் நாற்காலியில் குளோரோஃபார்முக்குப் பலியானவர்களும் அந்தச் சர்ச்சையில் அடக்கம். பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவரும் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவருமான எட்வர்ட் லாரி 1888லும் 1889லும் நடத்திய இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்களின் செலவை ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கானின் அரசு ஏற்றது. இரண்டாவது கமிஷனுக்கு ‘லான்செட்’ இதழின் சார்பில் நிபுணர் ஒருவர் வர 1,000 பவுண்டு கொடுத்தார்கள். மூச்சைக் கவனித்தால் போதும் என்ற லாரியின் முடிவைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆனால் வலியில்லாத சிகிச்சை என்ற எண்ணத்துக்குப் பணம் போட்ட அரசுகளில் ஒன்று அது.

வல்கனைட்டின் இடத்தை 1940களில் அக்ரிலிக் பிடித்தது. அதோடு வந்ததுதான் என் பார்வையில் இந்தக் கதையின் மிக முக்கியமான நிறம். அது பல்லின் நிறம் அல்ல, ஈறின் நிறம். வல்கனைட் பெரும்பாலும் கருஞ்சிவப்பு. அதில் ஈறைப் போலச் செய்வது கடினம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அக்ரிலிக்கில் எந்த நிறமும் கலக்கலாம். கலந்த நிறம் இளஞ்சிவப்பு. அது வெள்ளைக்காரரின் ஈறு. நம்மில் பெரும்பாலோருக்கு ஈறு பழுப்பு. பலருக்கு நாவல்பழக் கருமை. சிலருக்குச் சிவப்பும் கருப்பும் திட்டுத்திட்டாக. மெலனின் தோலில் செய்வதை ஈறிலும் செய்கிறது. ஆனால் இந்தியச் சந்தையில் பல்செட்டுக்கான தூள் டப்பாவைத் திறந்தால் பொதுவாகக் கிடைப்பது அதே இளஞ்சிவப்பு. தெலங்கானா விவசாயி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால் ஸ்காட்லாந்துக்காரரின் ஈறு தெரிகிறது. பல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ‘செட்டு’ என்று ஊர் உடனே கண்டுபிடிப்பது இதனால்தான். ஈறின் நிறத்துக்கேற்பத் தகட்டைச் சாயமிடும் முறையை 1950களிலேயே அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்திய ஈறு நிறங்களுக்கு மாதிரி அட்டை தயாரிக்கும் முயற்சிகளும் இங்கே நடந்திருக்கின்றன. அறிவு இருக்கிறது. கேட்பவர்தான் இல்லை.

இந்தப் புதுப் பல்லை நகரத்துக்குள் பரப்பியவர்களில் கல்லூரி மருத்துவர்கள் கடைசியாக வந்தவர்கள். சீனாவின் ஹூபேய் மாகாணத்திலிருந்து கிளம்பிய பல் வைத்தியர்கள் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தென்கிழக்காசியா வழியாக இந்தியாவுக்குள் வந்தார்கள். கல்கத்தா, பம்பாய் தொடங்கி ஹைதராபாத் வரை ‘சைனீஸ் டென்டிஸ்ட்’ போர்டுகள் தொங்கின. அப்பனிடமிருந்து மகன் கற்ற கைத்தொழில் அது. பட்டம் இல்லை, கை இருந்தது. அச்சு எடுப்பது, பல் அடுக்குவது, தகட்டை வேகவைப்பது எல்லாம் ஒரே கடைக்குள், ஒரே குடும்பத்துக்குள் நடந்தன. முகத்தைப் பார்த்தவரே பல்லையும் அடுக்கினார். பல் மருத்துவர்கள் சட்டம் 1948இல் வந்தபோது பட்டம் பெற்றவர்களை ‘ஏ’ பகுதியிலும், பட்டமில்லாமல் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்தவர்களை ‘பி’ பகுதியிலும் பதியச் சொன்னது. பல் செய்பவரை ‘டென்டல் மெக்கானிக்’ என்று தனி இனமாக வகுத்ததும் அதே சட்டம்தான். 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் மூவாயிரம் பேர் அளவில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள்; அந்தச் சமூகத்தின் கடைகள் பல ஊர்களில் அதன்பின் எழவே இல்லை. இடையில் 1959இல் ஹைதராபாத்தின் அஃப்ஸல்கஞ்சில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதன் அருகிலுள்ள உஸ்மானியா மருத்துவமனைக்கு வந்த ஏழைகளும் முறையான பல் சிகிச்சை பெற முடிந்தது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அரைகுறைக் கைகளால் தாடை புண்ணானவர்களும் கிருமி தொற்றியவர்களும் எத்தனையோ பேர். சட்டமும் கல்லூரியும் காப்பாற்றிய உயிர்கள் உண்டு. ஆனால் கூடவே ஒரு பிரிவினையும் நடந்தது. முகத்தைப் பார்ப்பவர் மருத்துவர், பல்லை அடுக்குபவர் வேறொரு தெருவில் இருக்கும் லேப்காரர். லேப்காரர் கைக்கு வருவது சுண்ணாம்பு வார்ப்பு. அதற்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை, பழைய சிரிப்பும் இல்லை.

முகம் இல்லாதபோது விதி வேண்டியிருக்கிறது. மேற்கு விதிகளைத் தயாரித்துக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல் ஆலைகள் மனிதர்களின் நான்கு சுபாவங்களை வைத்துப் பல் தேர்ந்தன. ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற கிரேக்கப் பகுப்பின் வழித்தோன்றல் அது. சார்மினார் பக்கத்து நிஜாமியா திப்பி கல்லூரியில் யூனானி ஹகீம்கள் தம், பல்கம், ஸஃப்ரா, ஸவ்தா என்று படித்ததும் அதே நான்கைத்தான். ஒரே கிரேக்கப் பாட்டனின் இரண்டு பேரப்பிள்ளைகள் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கடந்துபோயின என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது. பின்னர் ஜேம்ஸ் லியான் வில்லியம்ஸ் 1914இல், முன்பல்லின் வடிவம் தலைகீழாகத் திருப்பிய முக வடிவம் என்றார்: சதுரம், குவிவு, முட்டை என மூன்று. ஃப்ரஷும் ஃபிஷரும் 1950களில் ஆணுக்கு முனை முறுக்கான பல், பெண்ணுக்கு வளைந்த பல், முதியவருக்குத் தேய்ந்த பல் என்று வகுத்தார்கள். 1956இல் ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் வெளியிட்ட நிற அட்டை, ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்களோடு உலகத்து டாக்டர்களின் மேசையெல்லாம் ஏறியது. ஹைதராபாத் டாக்டரும் இன்று அதைத்தான் முகத்தருகே பிடித்துப் பார்க்கிறார். வில்லியம்ஸின் முக விதியைப் பிற்காலத்தில் அளந்து பார்த்தவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தவில்லை. பல்லை மட்டும் காட்டினால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடிவதில்லை. ஆனால் அச்சுகள் அந்த விதிப்படியே வார்க்கப்பட்டுவிட்டன. தேர்வு என்று நமக்கு முன்னால் வைக்கப்படுவது இந்தத் தட்டுதான்.

“மக்களே வெள்ளையாக, வரிசையாகத்தானே கேட்கிறார்கள், கேட்டதைக் கொடுப்பது தப்பா” என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இந்த மறுப்பைத்தான் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். தப்பில்லை. எழுபது வயதில் ஒருவர் சினிமா நடிகரின் பல்லைக் கேட்டால் அது அவர் உரிமை, அவரைப் பார்த்துச் சிரிக்க நாம் யார்? ஆனால் ஆசை எதிலிருந்து பிறக்கிறது என்பதும் கேள்வி. கடைக்காரர் ஒரே துணியை விரித்துவிட்டு, எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றால் நம்புவோமா? மிஸ்ஸிக் கருப்பை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதும் என் வாதம் அல்ல. அதோடு ஒட்டியிருந்த சுமங்கலி, விதவை பாகுபாடு போனது நல்லதே. வெற்றிலைக் காவியின் பின்னால் வாய்ப்புற்று இருக்கிறது என்பதும் இன்று தெரிந்த விஷயம். நான் சொல்வது வேறு. முன்பல்லுக்கு நடுவில் இருந்த சந்து, கொஞ்சம் திரும்பி நின்ற கோரைப்பல், வயதுக்கேற்ற மஞ்சள், இவைதாம் ஒரு முகத்தை அந்த முகமாக வைத்திருந்தவை. பல்செட்டு கட்டிக்கொண்ட தாத்தாவைப் பார்த்துப் பேரன் மிரளுவது பல் புதிது என்பதால் அல்ல, பல் வேறொருவருடையது என்பதால். நல்கொண்டா மாவட்டத்தில் குடிநீரின் ஃப்ளோரைடு தலைமுறை தலைமுறையாகப் பல்லில் பழுப்பு வரி போட்டிருக்கிறது. அது நோய், அதைச் செட்டில் வரைந்து கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கிருந்து வரும் ஒருவர் பளிச்சென்ற வெள்ளை வேண்டும் என்று கேட்டாலும், ஊரில் ஒட்டாமல் தெரியும், கொஞ்சம் மங்கலாகக் கொடுங்கள் என்று கேட்டாலும், இரண்டையும் ஒரே மரியாதையோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழைக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு, மெல்லப் பல் கிடைத்தால் போதாதா என்பது மிஞ்சியிருக்கும் மறுப்பு. கேட்க நியாயமாக இருக்கும், உள்ளே ஒரு கர்வம் இருக்கும். முழுப் பல்செட்டின் கடிக்கும் வலு இயற்கைப் பல்லின் வலுவில் கால்பங்குக்கு மேல் தேறுவதில்லை. மெல்லும் கணக்கை மட்டும் பார்த்தால் பல்செட்டு ஒரு சுமாரான கருவி. அதைக் கட்டிக்கொண்டவர் கல்யாண வீட்டுக்குப் போகிறார், கையால் வாயை மறைக்காமல் சிரிக்கிறார், போனில் பேசினால் எதிர்முனைக்குப் புரிகிறது. இவைதாம் அது கொடுக்கும் பெரிய லாபம், அது ஏழைக்கும் லாபம்தான். கேரள அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயது கடந்தவர்களுக்கு இலவசமாகப் பல்செட்டு கொடுக்கும் திட்டத்துக்கு ‘மந்தஹாசம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழிலும் அதே சொல் உண்டு: மந்தகாசம், புன்னகை. ஊட்டச்சத்துத் திட்டம் என்றோ செரிமானத் திட்டம் என்றோ பெயர் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. பெயர் வைத்த அதிகாரிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

நடைமுறையில் இதற்கெல்லாம் ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அளவு எடுத்து, கடிவாய் குறித்து, பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளை ‘ட்ரையல்’ என்பார்கள். அந்த நிமிடம் வரை பல் மெழுகில் நிற்கிறது; கொஞ்சம் சூடு காட்டினால் நகரும், திரும்பும், சந்து விடும், நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த அட்டையிலிருந்து வேறு பல் வரும். அதன்பிறகு மெழுகு உருகிப்போய் அந்த இடத்தில் அக்ரிலிக் வெந்து இறுகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலான முதியவர்கள் அன்று வாயைத் திறக்கிறார்கள், சரி என்று தலையாட்டுகிறார்கள், மூடிக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த நாள் வந்தால், முப்பது வருடத்துக்கு முந்தைய, பல் தெரியச் சிரிக்கும் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். டியூப் லைட்டில் வேண்டாம். கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈறின் நிறத்தையும் கேளுங்கள்.